நோயாளியின் விவரங்களுக்குச் சாவி யார் கையில்? காரைக்குடி பக்கத்து நர்சிங் ஹோம் ஒன்றின் கேள்விக்குப் பதில்

கேள்வியின் சுருக்கம் இது: காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையில் 15 படுக்கைகள் கொண்ட நர்சிங் ஹோம் ஒன்றைத் தந்தையார் நீண்ட காலமாக நடத்திவருகிறார், நிர்வாகத்தை இப்போது மகள் பார்க்கிறார். பழைய கேஸ் ஷீட்டுகளை ஸ்கேன் செய்துகொண்டு புதிய மருத்துவமனை மென்பொருளுக்கு மாற இருக்கிறார்கள். "பாதுகாப்பெல்லாம் உள்ளேயே இருக்கிறது, நீங்கள் எதற்கும் கவலைப்பட வேண்டாம்" என்கிறார் மென்பொருள் விற்பவர். அது போதுமா, சட்டப்படியும் நடைமுறையிலும் வேறு என்ன செய்யவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. விற்பவர் பொய் சொல்வதாக நான் கருதவில்லை. அவர் பூட்டைப் பற்றிப் பேசுகிறார், சாவி யார் யாரிடம் இருக்கப்போகிறது என்பது அவர் தீர்மானிக்கக்கூடிய செய்தி அல்ல. நம் பக்கத்து வீடுகளில் முகப்பில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிற எல்லோரும் வளவுக்குள், அதாவது உள்முற்றத்துக்குள், வருவதில்லை. வளவில் நாள் முழுவதும் நடமாடுகிறவர்களுக்குக்கூட உள்வீட்டுச் சாவி கிடைப்பதில்லை, அது ஆச்சியின் இடுப்பில்தான் இருக்கும். மருத்துவமனையின் ஆவணங்களுக்கும் அப்படி ஓர் ஒழுங்கை நீங்கள்தான் வகுக்கவேண்டும். மதுரையிலும் பிறகு காரைக்குடியிலும் மருத்துவ ஆவணப் பிரிவில் 27 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அந்த ஆண்டுகளில் நோயாளியின் விவரம் வெளியே போய்ச் சிக்கலானதாக என் கைக்கு வந்த புகார்களில், வெளியாள் ஒருவர் கணினிக்குள் புகுந்து திருடியது என்று ஒன்றுகூட இல்லை. எல்லாமே, அறிமுகமானவர்கள் வழியாகத்தான் போயின.

அவற்றில் ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசைக்கு ஒரு மாலையில் தொலைபேசி வந்தது. பேசியவர், பெண்ணின் பெயர், அவள் அப்பச்சியின் (தந்தையின்) பெயர், ஊர், வீட்டு விலாசம் அனைத்தையும் பிழையின்றிச் சொல்லி, தான் அம்மான் (தாய்மாமன்) பேசுவதாகவும், நேற்று எடுத்த ரிப்போர்ட் வந்துவிட்டதா, டாக்டர் என்ன மாத்திரை எழுதியிருக்கிறார் என்று தெரிந்தால் நல்லது என்றும் கேட்டார். புதிதாகச் சேர்ந்திருந்த ஊழியர் திரையில் இருந்ததை அப்படியே வாசித்துவிட்டார். அழைத்தவர் அம்மான் அல்லர். பேச்சு நடந்துகொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டாரின் உறவினர். வலிப்புக்கான மாத்திரை என்ற ஒரு சொல், நிச்சயமாகும் நிலையில் இருந்த கலியாணத்தை நிறுத்திவிட்டது. அந்த ஊழியருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. உறவுக்காரர் அக்கறையோடு கேட்கும்போது சொல்லாமல் எப்படி இருப்பது என்று அவர் என்னிடமே கேட்டார். என்னிடம் பதில் இல்லை; ஏனெனில், சொல்லக்கூடாது என்று அவருக்கு யாரும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை, எழுதிக் கொடுக்கவேண்டிய இடத்தில் இருந்தவன் நான்.

சம்பந்தம் பேசுவதற்கு முன் விசாரிப்பது நம் பக்கத்தில் ஒரு கலை என்றே சொல்லலாம். விசாரிப்பவர்கள் மருந்துக்கடைப் பையனையும், லேபில் இரத்தம் எடுப்பவரையும், உங்கள் ஆயாம்மாவையும் தேடி வருவார்கள். ஆகவே நீங்கள் முதலில் எழுதிவைக்கவேண்டிய விதி, பரிசோதனை முடிவையோ மருந்தின் பெயரையோ எவருக்கும் தொலைபேசியில் சொல்வதில்லை என்பதே. தவிர்க்க முடியாத நிலையில், பதிவின்போது நோயாளி கொடுத்த எண்ணுக்கு நீங்களே திரும்ப அழைத்துப் பேசவேண்டும். வந்த அழைப்பிலேயே பதில் சொல்லக்கூடாது. இன்னார் இங்கே சேர்ந்திருக்கிறாரா என்ற கேள்விக்குக்கூட, நோயாளியைக் கேட்டபின் சொல்கிறேன் என்பதே சரியான விடை. நலம் விசாரிக்கப் பழத்தட்டோடு வருகிறவர்களுக்கு இது முறைகேடாகத் தோன்றும். ஓராண்டில் பழகிவிடும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

பெயரைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனெனில் வெளியூரில் எழுதப்பட்ட எந்த மென்பொருளும் இதை எதிர்பார்த்து எழுதப்பட்டிருக்காது. பாட்டனார் பெயரைப் பேரனுக்கும் அப்பத்தா பெயரைப் பேத்திக்கும் வைக்கிற வழக்கத்தால், ஒரே ஊரில், ஒரே விலாசத்தில், அழகப்பனும் வள்ளியம்மையும் உமையாளும் மீண்டும் மீண்டும் வருவார்கள். பெயரும் ஊரும் மட்டும் பார்த்து உறையை எடுத்துக் கொடுத்தால், ஒருவரின் சர்க்கரை அளவும் ஈரல் அறிக்கையும் இன்னொருவரின் கையில் போய்ச் சேரும். அது இரகசியம் உடைவதோடு நிற்காது. அந்த அறிக்கையை நம்பி மருந்தின் அளவு மாற்றப்பட்டால் உயிருக்கே ஆபத்து. ஒவ்வொரு நோயாளிக்கும் மாறாத ஒரு மருத்துவமனை எண், அதனுடன் பிறந்த ஆண்டு, கைபேசி எண் ஆகிய மூன்றும் ஒத்துப்போன பிறகே எந்தத் தாளும் கைமாறவேண்டும். காத்திருக்கும் கூடத்தில் பெயரையும் பரிசோதனையையும் சேர்த்து உரக்கக் கூப்பிடும் வழக்கத்தை விட்டு டோக்கன் எண்ணைக் கூப்பிடுவதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

இதே காரணத்தால், பெயரை மறைத்துவிட்டால் போதும் என்ற எண்ணமும் நம் ஊரில் செல்லாது. அரிய நோய் ஒன்றின் படத்தை மருத்துவர்களின் வாட்ஸ்அப் குழுவிலோ கருத்தரங்கிலோ காட்டும்போது பெயர் இருக்காது. ஆனால் கானாடுகாத்தான் பக்கம், வயது 62, மலேசியாவில் இருந்து திரும்பியவர் என்று மூன்று குறிப்புகள் இருந்தாலே பார்ப்பவர்களில் ஒருவர் ஆளைச் சொல்லிவிடுவார். அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தையோ நோய்க் குறிப்பையோ அவர் அனுமதியின்றி வெளியிடக்கூடாது என்று இந்திய மருத்துவ மன்றத்தின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகள் கூறுகின்றன. அடையாளம் என்பது பெயர் மட்டுமன்று. ஊர், வயது, தொழில், குடும்பம் ஆகியவை சேர்ந்து எதைக் காட்டிக்கொடுக்கின்றன என்பதைப் பார்க்கவேண்டும். உங்கள் தந்தையார் அத்தகைய குழுக்களில் இருப்பார் என்பதால் அவரிடம் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்தது, நம் பக்கத்து மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் அன்றாடம் வரும் சிக்கல். பெரிய வீட்டில் ஆச்சி தனியாக இருக்கிறார்; மகன் சிங்கப்பூரில், மகள் அமெரிக்காவில்; உடன் இருப்பது சம்பளத்துக்கு வந்த பணிப்பெண். பில்லைக் கட்டுவது மகன் என்பதால் எல்லா அறிக்கைகளும் அவருடைய வாட்ஸ்அப்புக்குப் போகின்றன, அவர் குடும்பக் குழுவில் போடுகிறார், அங்கே சம்பந்தி வீட்டார் உட்பட நாற்பது பேர் இருக்கிறார்கள். நினைவு தெளிவாக இருக்கும் வயதுவந்த நோயாளியின் விவரம் அவருக்கே உரியது. பணம் கட்டுகிறவருக்கு உரியதாக அது மாறிவிடுவதில்லை. சேர்க்கும்போதே, "உங்கள் உடல்நிலையை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லவேண்டாம்?" என்று, மற்றவர்கள் அறையில் இல்லாத நேரத்தில் கேட்டு, கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுங்கள். பெரும்பாலோர் பிள்ளைகளின் பெயர்களைத்தான் சொல்வார்கள். ஆனால் மூத்தவனுக்கு மட்டும் சொல், மருமகளுக்கு வேண்டாம் என்று சொல்லும் ஆச்சிகளையும் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் காரணம் கேட்பது நம் வேலை அன்று. அறிக்கையை அனுப்பவேண்டியிருந்தால் கடவுச்சொல் இட்ட பி.டி.எஃப். கோப்பாக, பதிவான ஒரே எண்ணுக்கு, மருத்துவமனைக்குச் சொந்தமான கைபேசியில் இருந்து அனுப்புங்கள். ஊழியர்கள் தங்கள் சொந்தக் கைபேசியில் அறிக்கையைப் படமெடுத்து அனுப்பும் பழக்கம் உங்களிடமும் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அந்த ஊழியர் வேலையை விட்டுப் போகும்போது அந்தப் படங்களும் அவரோடு போகின்றன.

இனிச் சட்டம். மேற்சொன்ன 2002ஆம் ஆண்டு விதிமுறைகளே இன்றும் மருத்துவரைக் கட்டுப்படுத்துபவை. 2023இல், அந்த மன்றத்துக்குப் பதிலாக வந்த தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த புதிய விதிமுறைகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டன. தொழில்வழி அறிந்த நோயாளியின் இரகசியத்தை, நீதிமன்றத்தின் ஆணை, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ ஏற்படக்கூடிய கடுமையான ஆபத்து, அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய நோய் ஆகிய சூழல்களில் அன்றி மருத்துவர் வெளியிடக்கூடாது. உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளில் இருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும்; நோயாளியோ அவரால் அதிகாரம் அளிக்கப்பட்டவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும். இந்த இரண்டாவது கடமையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உரியவருக்கே கேஸ் ஷீட்டைக் காட்டாமல் இழுத்தடிப்பது இரகசியம் காப்பது ஆகாது.

நம் ஊர்க் கவலைக்கு மிக நெருக்கமான வழக்கு ஒன்று உண்டு. இரத்த தானத்துக்குச் சென்ற ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்து, அது மருத்துவமனை வழியாக வெளியே போய், அவருடைய திருமணம் நின்றது. அவர் இழப்பீடு கேட்டுத் தொடுத்த வழக்கில், மணப்பெண்ணின் உயிருக்கான உரிமையைக் காட்டி 1998இல் உச்ச நீதிமன்றம் மருத்துவமனைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இதைப் பாதி கேட்டவர்கள், கலியாணம் என்றால் சொல்லலாம் என்று சட்டமே சொல்கிறது என வாதிடுவார்கள். அதன் பிறகு நிலைமை வெகுவாக மாறிவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாகக் கூறியது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், துணைவருக்குத் தெரிவிப்பதைக்கூட மருத்துவரோ ஆலோசகரோ மட்டும், நோயாளிக்கு முதலில் ஆலோசனை அளித்து, அவர் தாமாகச் சொல்லமாட்டார் என்று உறுதிசெய்துகொண்டு, தெரிவிக்கப்போவதை அவரிடம் கூறிய பிறகு, நேரில் செய்யவேண்டிய செயலாக வரையறுத்திருக்கிறது. தொலைபேசியில் பேசும் அம்மானுக்கு இதில் இடமே இல்லை. கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில் எழுதுவது, கட்டிலில் வண்ண அட்டை தொங்கவிடுவது போன்றவை உங்களிடம் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். கையுறையும் கவனமும் எல்லா நோயாளிக்கும் பொதுவாக இருந்தால் அடையாளச் சீட்டுக்குத் தேவை இராது.

மனநலச் சிகிச்சை பெறுபவரின் இரகசியத்தை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தனியாகவே காக்கிறது. கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்ணின் பெயரையும் விவரத்தையும் சட்டம் அதிகாரம் அளித்தவரைத் தவிர வேறு எவருக்கும் வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை உண்டு என்று 2021ஆம் ஆண்டின் திருத்தம் சொல்கிறது. கணவரும் மாமியாரும்கூட அந்த 'எவருக்கும்' என்பதில் அடங்குவர். மகப்பேறு பார்க்கும் நர்சிங் ஹோமில் இந்தப் பதிவேடு செவிலியர் மேசையில் திறந்து கிடக்கக்கூடாது.

எண்மத் (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருப்பதால் 2027 மே மாதத்தில் அவை முழுமையாகக் கட்டுப்படுத்தும். உங்கள் கேள்விக்கு இதில் இரண்டு செய்திகள் முக்கியம். முதலாவது, இச்சட்டம் கணினியில் உள்ள தரவுக்கும், தாளில் இருந்து கணினிக்கு ஏற்றப்பட்ட தரவுக்கும் பொருந்தும். பின்கட்டில் தாளாகக் கிடக்கும்வரை இச்சட்டத்துக்கு வெளியே இருக்கும் உங்கள் பழைய கேஸ் ஷீட்டுகள், ஸ்கேன் செய்தவுடன் அதற்குள் வந்துவிடும். இரண்டாவது, மென்பொருள் நிறுவனத்தின் பிழையால் தரவு கசிந்தாலும் நோயாளிக்கும் அரசுக்கும் பொறுப்பாளி நீங்கள்தான். போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாததற்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. அது உச்சவரம்பு, தவறின் தன்மையையும் நீங்கள் எடுத்த நடவடிக்கைகளையும் பார்த்தே தொகை முடிவாகும் என்பதால் பயந்துபோய்க் கணினியே வேண்டாம் என்று இருக்கவேண்டியதில்லை. கசிவு நேர்ந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதமின்றித் தெரிவித்து, வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் விரிவான அறிக்கை தரவேண்டும் என்பது இந்த விதிகளில் உள்ளது. கணினித் தாக்குதலை 6 மணி நேரத்துக்குள், நடுவண் அரசின் கணினிப் பாதுகாப்புப் பிரிவான செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்கவேண்டும் என்ற ஆணையோ 2022இல் இருந்தே நடப்பில் இருக்கிறது.

விற்பவரின் கையேட்டில் 'ஹிப்பா' என்ற சொல் பெரிய எழுத்தில் இருக்கக்கூடும். அது நோயாளியின் விவரங்களைக் காக்க 1996இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட சட்டம். அதற்கேற்ப எழுதிய மென்பொருள் நல்லதாகவே இருக்கலாம், ஆனால் இங்கே நம்மைக் கட்டுவது அது அன்று. அதற்குப் பதிலாக, தரவு எந்த நாட்டுச் சர்வரில் இருக்கும், அது மறையாக்கம் (சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்யப்பட்டிருக்குமா, உங்கள் நிறுவனத்தில் எத்தனை பேரால் எங்கள் நோயாளியின் பெயரைப் பார்க்க முடியும், ஒப்பந்தம் முடிந்தால் எங்கள் தரவை எந்த வடிவில் திருப்பித் தந்துவிட்டு அழிப்பீர்கள், கசிவு தெரிந்தால் எத்தனை மணி நேரத்தில் சொல்வீர்கள் என்று கேளுங்கள். விடைகளை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். பழுது பார்க்க, தொலைவில் இருந்தே கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் போன்ற செயலியை நிறுவிவிட்டு அதை நிரந்தரமாகத் திறந்து வைத்துவிட்டுப் போவது இந்தத் தொழிலில் மிகச் சாதாரணம். அழைத்தபோது மட்டும், உங்கள் ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் அது இயங்கவேண்டும்.

கணினியைப் பொறுத்தவரை நான் வற்புறுத்துவது சிலவற்றைத்தான். ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயர் வேண்டும். ஒரே கடவுச்சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதித் திரையில் ஒட்டிவைத்துவிட்டால், யார் எதைப் பார்த்தார் என்ற பதிவு இருந்தும் பயனில்லை. பில் போடுகிறவருக்கு நோயின் விவரம் தெரியத் தேவையில்லை. மருந்தகத்துக்கு மருந்துச் சீட்டு போதும். நம் ஊரில் ஊழியர்கள் பக்கத்து வீட்டாரின் கோப்பை ஆவலால் திறந்து பார்ப்பது நடக்கிறது. மாதம் ஒருமுறை அந்தப் பதிவை நீங்கள் எடுத்துப் பார்க்கிறீர்கள் என்று தெரிந்தாலே அது பெருமளவு நின்றுவிடும். வரவேற்பு மேசைத் திரையைக் கூட்டத்தின் கண்ணில் படாதபடி திருப்பிவையுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டன; அதற்கும் பழைய விண்டோஸ், நோயாளிகளுக்கு ஸ்கேன் எடுக்கும் எந்திரத்தோடு வந்த கணினியில் இருந்தால் அதை இணையத்தில் இணைக்காமல் வைத்திருங்கள்.

காப்புப்படியை (பேக்கப்) மட்டும் சற்று விரித்துச் சொல்கிறேன். 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் பிணைத்தொகை கேட்கும் வைரஸால் பூட்டப்பட்டன. பதிவு, பரிசோதனை முடிவு, பில் எல்லாம் ஏறத்தாழ இரண்டு வாரம் கையெழுத்தில் நடந்தன. அத்தனை ஆட்பலம் உள்ள இடத்திலேயே அந்த நிலை என்றால், 15 படுக்கை மருத்துவமனை எழுந்திருக்க எவ்வளவு நாளாகும் என்று யோசித்துப் பாருங்கள். தரவின் ஒரு படி எப்போதும் கணினியில் இருந்து கழற்றப்பட்ட வன்தட்டில், மறையாக்கம் செய்து, வேறு கட்டடத்தில், பூட்டிய பெட்டகத்தில் இருக்கவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் படியில் இருந்து உண்மையில் ஒரு நோயாளியின் கோப்பை மீட்டுப் பாருங்கள். காப்புப்படி நாள்தோறும் எடுக்கப்படுவதாக இரண்டாண்டுகள் நம்பியிருந்து, தேவைப்பட்ட அன்று திறந்தபோது உள்ளே ஒன்றுமில்லாமல் இருந்ததை ஓரிடத்தில் கண்ணால் கண்டவன் நான்.

கடைசியாக அந்தப் பின்கட்டு அறை. வைத்திருக்கவேண்டிய காலம் முடிந்த தாள்களைப் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போடுவதும், அவை பலகாரக் கடையில் வடை மடிக்கும் தாளாகத் திரும்பி வருவதும் நம் பக்கத்தில் நடந்திருக்கின்றன. எக்ஸ்ரே படங்களை வெள்ளிக்காக வாங்க வருகிறவர்களிடம், பெயர் எழுதிய ஓரத்தை வெட்டாமல் கொடுத்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யும் ஆசையையும் விடுங்கள்: தேவையற்ற பழந்தாளைக் கணினிக்கு ஏற்றுவது, காக்கவேண்டிய சுமையை நீங்களாகத் தலையில் ஏற்றிக்கொள்வதாகும். முதலில் ஆண்டு வாரியாகப் பிரித்து, போலீஸ் தொடர்புடைய வழக்குகள், நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளவை, இன்னும் வந்துகொண்டிருக்கும் நோயாளிகளின் கோப்புகள் ஆகியவற்றைத் தனியே எடுத்துவையுங்கள். மற்றவற்றில் 3 ஆண்டு கடந்தவற்றை எண், ஆண்டு, அழித்த நாள் ஆகியவற்றோடு ஒரு பதிவேட்டில் எழுதி, உங்கள் முன்னிலையில் துண்டாக்கியோ எரித்தோ அழித்து, தந்தையாரின் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பதிவேடு முடிந்த பிறகு ஸ்கேன் செய்கிறவரை வரச் சொல்லுங்கள். வேலையை அவர் மருத்துவமனைக்குள்ளேயே செய்யட்டும், பெட்டி எதுவும் வாசல் தாண்ட வேண்டாம்.